ஐயத்துக்கும் ஒரு கதிரை: மோர்மன் சபைப் பெண்களின் அனுபவம்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் யூற்றா மாநிலத்தில் ஒரு சபை மண்டபம். வந்திருப்பவர்கள் இரண்டு வேளை உணவைத் தவிர்த்து நோன்பிருக்கிறார்கள். அந்த உணவுக்குச் செலவாகும் பணத்தை ஏழைகளுக்கென்று கொடுத்துவிடுகிறார்கள். அன்று வழமையான பிரசங்கம் இல்லை. விரும்பியவர் முன்னே சென்று தமது விசுவாசத்தைச் சாட்சியாகச் சொல்லலாம். பள்ளிச் சிறுமி முதல் எண்பது வயது மூதாட்டி வரை பலர் எழுந்து செல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் ஒரு விடயம் மாறாமல் வரும். இந்தச் சபை உண்மையானது என்று எனக்குத் தெரியும் என்பதே அது.

'நான் நம்புகிறேன்' என்று அவர்கள் சொல்வதில்லை, 'எனக்குத் தெரியும்' என்கிறார்கள். இந்தச் சிறு வேறுபாட்டுக்குள் ஒரு சமூகத்தின் பலமும் வேதனையும் அடங்கியிருக்கின்றன.

நான் அந்த மண்டபத்தில் இருந்ததில்லை. பல்கலைக்கழகத்தில் சமயச் சமூகவியல் படித்த காலத்தில் தோமஸ் ஓடே என்ற சமூகவியலாளர் 1957இல் வெளியிட்ட 'மோர்மன்கள்' என்ற நூலின் வழியே இவர்களை அறிந்தேன். ஓடே ஒரு கத்தோலிக்கர். வெளியாளாக நின்று, ஆனால் மரியாதையுடன் எழுதியவர். இந்தச் சபை கல்வியைப் பெரிதும் போற்றுகிறது, அந்தக் கல்வியே அதன் பிள்ளைகளிடம் கேள்விகளை எழுப்பும், அவற்றை எப்படி எதிர்கொள்வது என்பதே சபையின் பெரிய சோதனையாக இருக்கும் என்று அவர் சுட்டிக்காட்டினார்.

பரீட்சை முடிந்ததும் அந்த நூலை மறந்துவிட்டேன். பின்னர் பணியில் சேர்ந்து வீடு வீடாகச் சென்ற காலத்தில், மகனைப் பறிகொடுத்த தாயொருவர் என்னிடம் சொன்னது அதை மீண்டும் நினைவூட்டியது. "பிள்ளை, எனக்குச் சாமியிலை கோபமில்லை. ஆனால் கோயிலுக்குப் போனால் 'இப்ப நம்பிக்கை வந்திட்டுதோ' எண்டு கேப்பினம். அதுக்கு நான் என்னத்தைச் சொல்ல?" என்றார் அவர். அவருக்கு அப்போது தேவைப்பட்டது விடையல்ல. கேள்வியோடு வந்து இருப்பதற்கு ஓர் இடமே தேவைப்பட்டது. மோர்மன் பெண்களின் வரலாற்றை நான் தேடி வாசிக்கத் தொடங்கியது அதன் பின்னர்தான்.

யார் இவர்கள்?

1830இல் நியூயோர்க் மாநிலத்தில் ஜோசப் சிமித் என்ற இளைஞர் தொடங்கிய சபை இது. வேதாகமத்துடன் 'மோர்மன் புத்தகம்' என்ற நூலையும் இவர்கள் திருநூலாகக் கொள்கிறார்கள். அதனாலேயே மோர்மன் என்ற பெயர் வந்தது. முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. முழுப்பெயரையே பயன்படுத்துமாறு சபைத் தலைமை 2018இல் கேட்டுக்கொண்டது. வாசகர்கள் அறிந்த பெயர் என்பதால் நான் இங்கு பழைய சொல்லையே கையாளுகிறேன். சபைக் கணக்கின்படி உலகெங்கும் ஒரு கோடியே 70 இலட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் உள்ளனர். கொழும்பிலும் ஒரு சிறு சபை உண்டு.

மதுவும் புகையிலையும் இவர்களுக்கு விலக்கு. கோப்பியும் தேநீரும்கூட விலக்கு! வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுக்க வேண்டும். ஊர்ச் சபையை நடத்தும் ஆயருக்குச் சம்பளம் இல்லை. அவர் வார நாட்களில் ஆசிரியராகவோ தச்சராகவோ கணக்காளராகவோ வேலை செய்பவர். உறுப்பினர் அநேகமாக எல்லோருக்கும் ஏதாவதொரு பொறுப்பு ஒப்படைக்கப்படும். பிள்ளை பிறந்த வீட்டுக்கு உணவு வரும். வீடு மாறினால் சாமான் ஏற்ற ஆட்கள் வருவார்கள். உருளைக்கிழங்கும் பாற்கட்டியும் சேர்த்துச் சுட்ட ஓர் உணவுக்குச் 'செத்தவீட்டு உருளைக்கிழங்கு' என்றே யூற்றாவில் பெயர். துயர வீட்டுக்குப் பெண்கள் சமைத்துக் கொண்டுவந்தே அந்தப் பெயர் நிலைத்தது.

இங்கு சமயம் என்பது கோட்பாடு மாத்திரமல்ல. அயலும், உறவும், அவசரத்துக்கு உதவும் கையும் அதற்குள் அடங்கும். ஆகவே ஒருத்திக்குக் கோட்பாட்டில் ஐயம் வந்தால் அது அவளது மனதோடு நின்றுவிடுவதில்லை. வீட்டு வாசல்வரை வந்துவிடுகிறது.

பெண்கள் கட்டிய சங்கம்

1842ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் திகதி, இலினோய் மாநிலத்தின் நோவூ என்ற ஊரில், ஜோசப் சிமித்தின் செங்கல் கடையின் மேல்மாடியில் 20 பெண்கள் கூடினார்கள். ஆலயம் கட்டும் தொழிலாளருக்குச் சட்டை தைத்துக் கொடுக்கலாம் என்று சாரா கிம்பலும் அவரது தையற்காரப் பெண்ணும் பேசிக்கொண்டதிலிருந்து எழுந்த எண்ணம் அது. அன்று பிறந்ததே நிவாரணச் சங்கம். ஜோசப்பின் மனைவி எம்மா அதன் முதற் தலைவி. இரண்டு ஆண்டுகளில் உறுப்பினர் தொகை 1,300ஐத் தாண்டியது.

ஆனால் அதே காலத்தில் ஜோசப் சிமித் இரகசியமாகப் பலதார மணத்தைத் தொடங்கியிருந்தார். எம்மா அதை எதிர்த்தார். 1844இல் சங்கக் கூட்டங்கள் நின்றுபோயின. அதே ஆண்டு ஜோசப் கொல்லப்பட்டார். பெரும்பான்மையினர் பிறிகம் யங்கின் தலைமையில் மேற்கே யூற்றாப் பள்ளத்தாக்குக்குச் சென்றபோது எம்மா செல்லவில்லை. நோவூவிலேயே தங்கிவிட்டார். தம் கணவருக்கு வேறு மனைவியர் இருந்ததை 1879இல் இறக்கும்வரை அவர் வெளியில் ஒப்புக்கொள்ளவுமில்லை. சங்கத்தின் முதற் தலைவியே நம்பிக்கைக்கும் வேதனைக்கும் நடுவில் வாழ்ந்தவர் என்பதை நாம் மனதிற்கொள்ள வேண்டும்.

யூற்றாவில் 1860களின் பிற்பகுதியில் எலைசா ஸ்நோ சங்கத்தை மீண்டும் கட்டியெழுப்பினார். அதன் பின் நடந்தவை வியப்பானவை. 1870இல் யூற்றாப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். இலங்கைப் பெண்கள் அதைப் பெற்றது 1931இல். 1872இல் 'பெண்களின் விளக்கவுரையாளர்' என்ற பொருள்படும் பெயரில் ஒரு பத்திரிகையைத் தொடங்கி 1914 வரை நடத்தினார்கள். 1876 தொடக்கம் எமலின் வெல்ஸின் முன்னெடுப்பில் பெண்கள் கோதுமை சேமித்தார்கள். 1918இல், உலகப் போர்க் காலத்தில், 2 இலட்சம் புசலுக்கும் மேற்பட்ட கோதுமையை அமெரிக்க அரசுக்கு விற்றார்கள். அந்தப் பணத்தின் வட்டி தாய் சேய் நலத்துக்குப் பயன்பட்டது. எலிஸ் ஷிப் என்ற பெண் கிழக்கே சென்று 1878இல் மருத்துவராகத் திரும்பி, தம் வாழ்நாளில் ஏறத்தாழ 500 மருத்துவமாதர்களைப் பயிற்றுவித்தார்.

இவற்றைச் செய்த பெண்களில் பலர் பலதார மணக் குடும்பங்களில் வாழ்ந்தவர்கள். எலிஸ் ஷிப் படிக்கப் போனபோது அவரது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்கள் கணவரின் மற்ற மனைவியர். வாக்குரிமை கிடைத்தால் இப்பெண்கள் அந்த வழக்கத்தை ஒழித்துவிடுவார்கள் என்று வெளியார் பலர் எதிர்பார்த்தார்கள். அவர்களோ தம் சபைக்கு ஆதரவாகவே நின்றார்கள். எனவே 1887இல் அமெரிக்கக் காங்கிரஸ் அவர்களது வாக்குரிமையைப் பறித்தது. சபை 1890இல் பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. 1896இல் யூற்றா தனி மாநிலமானபோது வாக்குரிமை மீண்டும் கிடைத்தது. 'அடக்கப்பட்டவர்கள்' என்ற ஒரு சொல்லால் இப்பெண்களை அளந்துவிட முடியாது. 'விடுதலை பெற்றவர்கள்' என்ற சொல்லும் போதாது.

எம் தொழிலின் மூதாய் ஒருவர்

சமூகப் பணியாளர் என்ற வகையில் என் மனதைக் கவர்ந்தவர் எமி பிறவுன் லைமன். 1902இல் கணவரின் படிப்புக்காகச் சிக்காகோ சென்றவர், தாமும் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பாடத்தில் சேர்ந்தார். ஏழைக் குடியேற்றவாசிகள் மத்தியில் ஜேன் அடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸ் நிலையத்தைக் கண்டார். இரக்கம் மட்டும் போதாது, முறையான அறிவும் வேண்டும் என்பதை அங்கு உணர்ந்தார். 1919இல் நிவாரணச் சங்கத்துக்குள் சமூக சேவைப் பிரிவொன்றை நிறுவினார். குடும்பங்களை நேரில் சந்தித்து, விபரம் பதிந்து, தேவையறிந்து உதவும் முறையை ஊர்ப் பெண்களுக்குக் கற்பித்தார். 1923இல் யூற்றாச் சட்டசபை உறுப்பினராக இருந்து, தாய் சேய் நலத்துக்கான மத்திய அரசின் நிதி தம் மாநிலத்துக்குக் கிடைக்க வழிசெய்தார். 1940இல் சங்கத்தின் தலைவியானார்.

ஆனால் காலப்போக்கில் நிலைமை மாறியது. 1936இல் சபை ஆரம்பித்த நலன்புரித் திட்டம் ஆண் தலைவர்களின் பொறுப்பில் அமைந்தது. 1970இல் சங்கம் தன் நிதியைத் தானே திரட்டி நடத்திவந்த முறை முடிவுக்கு வந்தது. 1915 முதல் வெளிவந்த சங்கத்தின் சஞ்சிகையும் அவ்வாண்டு டிசெம்பரோடு நின்றது. நிர்வாகத்தை ஒழுங்குபடுத்தவே இது என்று சொல்லப்பட்டது. அதன்பின் சபையில் சேரும் பெண்கள் எல்லோரும் தாமாகவே சங்க உறுப்பினராயினர். தொகை பெருகியது. ஆனால் பணப்பெட்டியும் பேனாவும் பெண்களின் கையைவிட்டுப் போயின.

எமது மாதர் சங்கங்களில் வேலை செய்த சகோதரிகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. சேமிப்புப் புத்தகம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்த்தே ஒரு சங்கம் யாருடையது என்று சொல்லிவிடலாம்.

ஐயத்தின் விலை

பொஸ்ரன் நகரப் பகுதியில் வாழ்ந்த மோர்மன் பெண்கள் சிலர், பாட்டிமார் நடத்திய பத்திரிகையின் பழைய பிரதிகளை ஹாவர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் கண்டெடுத்தார்கள். இப்படி எழுதியவர்களா நம் மூதாய்மார் என்று வியந்து, 1974இல் அதே பெயரில் இரண்டாவது பத்திரிகை ஒன்றை ஆரம்பித்தார்கள். அது இன்றும் வெளிவருகிறது. 1991இல் புலிற்சர் பரிசு பெற்ற வரலாற்றாசிரியை லோரல் தற்சர் உல்ரிச் அக்குழுவில் ஒருவர். அவர் பெண்ணியவாதி, அதேவேளை சபையின் விசுவாசி. இரண்டும் ஓரிடத்தில் இருக்க முடியும் என்பதற்கு அவர் வாழ்வே உதாரணம்.

எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை. பெண்களுக்குச் சம உரிமை வழங்கும் அரசியலமைப்புத் திருத்தத்தைச் சபை எதிர்த்தபோது, அதைப் பகிரங்கமாக ஆதரித்துக் குரல் கொடுத்த சோனியா ஜோன்சன் 1979 டிசெம்பரில் சபையிலிருந்து நீக்கப்பட்டார். இச்சபையில் குருத்துவம் ஆண்களுக்கே உரியது. பெண்களுக்கும் அதை வழங்க வேண்டும் என்று இயக்கம் தொடங்கிய கேற் கெலி 2014இல் நீக்கப்பட்டார்.

சபைநீக்கம் என்றால் ஒரு தாய்க்கு என்ன அர்த்தம்? திருமணத்தை எடுத்துக்கொள்வோம். மோர்மன் தம்பதியர் ஆலயத்துக்குள் 'முத்திரையிடப்பட்டு' மரணத்துக்குப் பின்னும் குடும்பமாக இருப்பார்கள் என்பது அவர்களது விசுவாசம். ஆலயத்துக்குள் செல்ல ஆயரின் அனுமதிச் சீட்டு வேண்டும். தசமபாகம் கொடாதவருக்கும், தம் விசுவாசம் பற்றி நேர்மையாக 'இல்லை' என்று சொல்பவருக்கும் அது கிடைக்காது. அமெரிக்காவில், முதலில் வெளியில் சட்டப்படி மணம் முடித்தவர்கள் ஆலயச் சடங்குக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டுமென்ற விதி இருந்தது. எனவே பலர் நேரடியாக ஆலயத்திலேயே மணம் முடித்தார்கள். மகள் உள்ளே மணமேடையில். பெற்ற தாய் வெளியே, பூந்தோட்டத்து வாங்கிலில். இப்படி எத்தனையோ தாய்மார் அமர்ந்திருந்தார்கள். 2019 மே மாதம் சபை அந்த ஓராண்டு விதியை நீக்கியது. அந்த அறிவித்தலைக் கேட்டு ஆறுதலடைந்த பெண்கள் சபைக்கு உள்ளேயும் இருந்தார்கள், வெளியேயும் இருந்தார்கள்.

ஐயம் வருவதற்குக் காரணமும் பல. 2014இல் சபையே தன் இணையத்தளத்தில் வெளியிட்ட கட்டுரையொன்று, ஜோசப் சிமித்துக்கு 30க்கும் 40க்கும் இடையில் மனைவியர் இருந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. எம்மா ஒருவரே மனைவி என்று சிறுவயது முதல் நம்பி வளர்ந்த பெண்கள் அதிர்ந்துபோனார்கள். சரித்திரத்தைவிட, தமக்கு அது சொல்லப்படாமல் இருந்ததே பலருக்கு வலித்தது. வேறு சிலருக்குப் 'பரலோகத் தாய்' பற்றிய மௌனம் உறுத்தியது. பரலோகத் தந்தைக்கு இணையாகத் தாயும் உண்டு என்பது இச்சபையின் போதனை. எலைசா ஸ்நோ 1845இலேயே அதைக் கவிதையாக எழுதினார். ஆனால் அந்தத் தாயை நோக்கி மன்றாடக்கூடாது என்று 1991இல் தலைவர்கள் அறிவுறுத்தினார்கள். அம்மனைப் பெயர் சொல்லி அழைத்து அழும் எமக்கு இந்தத் தாகம் விளங்காததல்ல.

கதிரையை விடாத இருவர்

இக்கதையில் இரு பெண்களை நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

முதலாமவர் ஜேன் மனிங் ஜேம்ஸ் என்ற கறுப்பினப் பெண். 1843இல் தம் குடும்பத்துடன் நோவூ நோக்கிப் புறப்பட்டபோது, பஃபலோ நகரில் அவர்களுக்குப் படகில் இடம் மறுக்கப்பட்டது. எஞ்சிய நூற்றுக்கணக்கான மைல்களை நடந்தே கடந்தார்கள். பின்னர் யூற்றாவுக்கும் சென்றார். அக்காலத்தில் கறுப்பினத்தவருக்கு ஆலயத்தின் உயர் சடங்குகள் மறுக்கப்பட்டன. அவர் முதுமை வரை திரும்பத் திரும்ப விண்ணப்பித்தார். 1894இல் கிடைத்ததெல்லாம் ஜோசப் சிமித் குடும்பத்துக்கு நித்திய காலப் 'பணியாளராக' இணைக்கும் ஒரு சடங்கு. அதில் நேரில் கலந்துகொள்ளவும் அவர் அனுமதிக்கப்படவில்லை. 1908இல் இறக்கும்வரை சபையைவிட்டு அவர் விலகவில்லை. அந்தத் தடை 1978இலேயே நீங்கியது. அவரது விசுவாசம் அவரை நடத்தியவர்களின் நியாயத்துக்குச் சான்றல்ல. அது அவருக்கு மட்டுமே உரிய சொத்து.

இரண்டாமவர் லவீனா பீல்டிங் அன்டர்சன். சபைச் சஞ்சிகையில் ஆசிரியர் குழுவில் வேலை செய்தவர். சபைத் தலைமைக்கும் அறிஞர்களுக்கும் இடையில் ஏற்பட்ட மோதல்களைத் திகதி வாரியாகத் தொகுத்து 1993இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டு செப்டெம்பரில் எழுத்தாளர், அறிஞர் ஆறு பேர்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. அவர்களில் ஐவர் நீக்கப்பட்டனர். லவீனா அந்த ஐவரில் ஒருவர்.

பலர் அந்த இடத்தில் விலகியிருப்பார்கள். அவர்களைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. லவீனா அடுத்த ஞாயிறும் அதே சபைக்குப் போனார். திருவிருந்தில் அவருக்குப் பங்கில்லை. எழுந்து சாட்சி சொல்லவோ செபிக்கவோ அனுமதியில்லை. ஆயினும் 30 ஆண்டுகள் ஞாயிறு தவறாமல் போனார். இடையில் ஜோசப் சிமித்தின் தாயார் லூசி சொல்லி எழுதுவித்த குடும்ப வரலாற்றை ஆராய்ந்து 2001இல் பதிப்பித்தார். 2019இல் அவரை மீண்டும் சேர்த்துக்கொள்ள ஊர்த் தலைவர்கள் இணங்கினார்கள். தலைமைப்பீடம் மறுத்தது. 2023 ஒக்டோபரில், 79ஆவது வயதில் அவர் இறந்தார்.

சபைக் கோவையில் அவர் பெயர் இல்லை. அயலவர் மத்தியில் அவர் இடம் இருந்தது. திருவிருந்தின் அப்பத் தட்டு தன்னைக் கடந்துபோகும்போது, ஒவ்வொரு வாரமும் அதே கதிரையில் அவர் அமர்ந்திருந்தார். அவர் பக்கத்தில் அமர்ந்தவர்களும் இருந்தார்கள். அதுவும் ஒரு சாட்சியம்தான்.

நாம் கற்றுக்கொள்வது

மாற்றங்கள் வராமலில்லை. 2013இல் முதன்முறையாக ஒரு பெண் சபையின் பொது மாநாட்டில் செபம் செய்தார். 2019 முதல் ஞானஸ்நானத்துக்குப் பெண்களும் சாட்சிகளாக நிற்கிறார்கள். ஆனால் இக்கதை எமக்குச் சொல்வது அதைவிட எளிமையானது என்று நினைக்கிறேன்.

ஒரு சமயத்தின் நன்மையில் பெரும்பகுதி அதன் பெண்கள் சமைத்துக் கொண்டுபோன உணவில், தைத்த சட்டையில், சேமித்த தானியத்தில் இருந்தது. அந்த அன்புக்கு 'எனக்குத் தெரியும்' என்ற சொல்லை நுழைவுச் சீட்டாக வைத்தால், 'எனக்குத் தெரியவில்லை' என்று நேர்மையாகச் சொல்பவள் விசுவாசத்தோடு அயலையும் சேர்த்து இழக்கிறாள். அவள் அப்படிச் சொல்வது துயரத்தின் நடுவில் என்றால், உதவி மிகவும் தேவைப்படும் நேரத்தில் அதை இழக்கிறாள். ஆகவே ஐயப்படுபவருக்கு இடம் கொடுப்பது சமய விவகாரம் மாத்திரமல்ல, நலன்புரி விவகாரமும்தான்.

மகனை இழந்த அந்த அம்மாவிடம் பின்னரும் பலமுறை போனேன். ஒருநாள் அயலில் உள்ள அக்கா ஒருவரிடம் சொன்னேன்: "அவவைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ அக்கா. ஆனால் ஒண்டும் கேக்க வேண்டாம்." அந்த அக்கா அப்படியே செய்தார். அந்த அம்மா உள்வீதிக்குப் போகவில்லை, கும்பிடவுமில்லை. வெளிவீதி மரநிழலில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்தார். அடுத்த வெள்ளியும் போனார்.

அவருக்கு நம்பிக்கை திரும்பியதா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.